மரத்தடியில் வளர்ந்த எதிர்ப்பு



களை என்றதும் நம் நினைவு நெல்வயலுக்கோ கடலைக் காட்டுக்கோ ஓடும். இன்று நான் பேச வந்திருப்பது மரத்தடியில் முளைக்கும் களையைப் பற்றி. ஆப்பிள், பாதாம், ஆரஞ்சு, திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிர்களின் காலடியில் முளைக்கும் களைக்கும் வயற்களைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வயலில் ஒரு போகம் முடிந்தால் உழுது புரட்டிவிடலாம். அடுத்த போகம் வேறு பயிர் வைக்கலாம். பயிர் மாறினால் மருந்தும் மாறும். தோட்டத்தில் மரம் இருபது, முப்பது ஆண்டு அதே இடத்தில் நிற்கிறது. ஆழ உழுதால் வேர் அறும். பயிரை மாற்ற வழியில்லை. ஆகவே முதல் ஆண்டில் எந்த மருந்து வேலை செய்ததோ அதே மருந்து பத்தாம் ஆண்டிலும், பதினைந்தாம் ஆண்டிலும் அதே மண்மேல் விழுகிறது. உலகின் பழத்தோட்டங்களில் கடந்த முப்பது ஆண்டில் நடந்திருப்பவை பெரும்பாலும் இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவை.

நவீனத் தோட்டத்தின் தரை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஒரு பாதாம் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரவரிசையின் இரு பக்கமும் சில அடி அகலத்துக்கு மண் வெறுமையாக இருக்கும். அந்த நீண்ட பட்டையில்தான் களைக்கொல்லி அடிப்பார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள இடத்தில் புல்லை வளரவிட்டு இயந்திரத்தால் வெட்டுவார்கள். பட்டையைச் சுத்தமாக வைக்கக் காரணங்கள் உண்டு. நட்ட முதல் சில ஆண்டுகளில் இளங்கன்றின் தண்ணீரையும் தழைச்சத்தையும் களை பிடுங்கிக்கொள்ளும். மரத்தடியில் புல் அடர்ந்தால் வயலெலி குடிபுகுந்து மரப்பட்டையைக் கடித்து மரத்தையே சாகடிக்கும். குளிர்நாடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. வெறுமையான ஈரமண் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிட்டு, பனியிலிருந்து பூவைக் கொஞ்சம் காக்கும். பாதாமுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அறுவடை. இயந்திரம் அடிமரத்தைப் பிடித்து உலுக்கும். காய்கள் தரையில் விழுந்து அங்கேயே சில நாள் காயும். பிறகு கூட்டி வரிசையாக்கி, இன்னொரு இயந்திரத்தால் அள்ளுவார்கள். உலகப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு விளையும் இடத்தில், தரைதான் களம். களத்தில் புல் இருக்கலாமா?

ஆனால் அந்தப் பட்டையை விதையின் பக்கமிருந்து பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் அங்கேதான் ஓடுகிறது, ஈரம் குறைவதில்லை. போட்டிக்கு வேறு செடி இல்லை. உரம் அங்கேதான் விழுகிறது. மருந்துக்குத் தப்பிய ஒரு செடிக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது.

கிளைபோசேட்டின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் ஜான் ஃபிரான்ஸ் என்ற வேதியியலாளர் 1970இல் அதன் களைக்கொல்லும் தன்மையைக் கண்டறிந்தார். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்குமுன் தோட்டக்காரர் கையில் இருந்தவை இரண்டு வகை. சிமசின், டையூரான் போல மண்ணில் அடித்து முளைப்பைத் தடுப்பவை ஒரு வகை. பாராகுவாட் போல இலையைச் சுட்டெரிப்பவை மற்றொரு வகை. பாராகுவாட் மேலே தெரியும் பச்சையை மட்டும் கருக்கும். அருகும் கோரையும் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். கிளைபோசேட் இலைவழி புகுந்து வேர்வரை, கிழங்குவரை இறங்கியது. செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை அது அடைத்துவிடுகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் அந்த நொதி இல்லை. மண்ணில் விழுந்தால் களிமண் துகளோடு ஒட்டிக்கொள்வதால் மரத்தின் வேர் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு. முற்றிய பழுப்புப் பட்டை வழியாகவும் எளிதில் நுழையாது. மரத்தடியில் அடிப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. இளங்கன்றின் பச்சைத் தண்டிலும், திராட்சையின் அடியில் கிளம்பும் தளிரிலும் பட்டால் மட்டும் கொடிக்குள்ளேயே போய்விடும். அதில் கவனம் வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள்.

இந்த மருந்துக்கு எதிராக எந்தக் களையும் எழும்பாது என்று பலர் நம்பினார்கள். அப்படி நம்பக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நொதியில் மாற்றம் ஏற்பட்டால் செடியே பிழைக்காது என்று ஆய்வகத்தில் தோன்றியது. 1997இல் மான்சான்டோவின் ஆய்வாளர்களே, எதிர்ப்பு தோன்றுவது அரிது என்று வாதிட்டு ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு தெரிந்துவிட்டிருந்தது.

நியூ சவுத் வேல்ஸில் ஆரஞ்ச் என்றொரு ஊர். பெயர்தான் ஆரஞ்ச், விளைவது ஆப்பிள். குளிர்ந்த மேட்டுநிலம். அங்கே ஒரு பழத்தோட்டத்தில் பதினைந்து ஆண்டு கிளைபோசேட் நன்றாக வேலை செய்தபின், ரை புல் சாகாமல் நின்றது. ஆய்வாளர் ஸ்டீவ் பவுல்ஸும் உடனிருந்தவர்களும் அதை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். விக்டோரியாவில் ஒரு தானிய நிலத்திலும் அதே காலத்தில் அதே புல்லில் எதிர்ப்பு கண்டறியப்பட்டது. உலகில் கிளைபோசேட்டை வென்ற முதல் களைகள் இவை. இரண்டில் ஒன்று பழத்தோட்டத்தில் உருவானது என்பதைக் கவனியுங்கள். பழத்தோட்டங்களின் பரப்பு தானிய நிலங்களின் பரப்போடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. அப்படியிருந்தும் முதல் வரிசையில் அது வந்து நின்றது.

இதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோட்டத்தில் சாகாத செடியின் விதையைச் சேகரிக்கிறார்கள். மருந்தே படாத ஓரிடத்திலிருந்து அதே இனத்தின் விதையையும் எடுக்கிறார்கள். இரண்டையும் தொட்டிகளில் முளைக்கவைத்து, ஒரே வயதில், ஒரே அளவு இலையில் மருந்து அடிக்கிறார்கள். பரிந்துரைத்த அளவு, அதில் பாதி, கால் என்று கீழே இறங்கியும், இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று மேலே ஏறியும் அடிப்பார்கள். மூன்று வாரம் கழித்து உயிரோடு இருப்பவற்றை எண்ணி, அறுத்து உலர்த்தி எடை போடுகிறார்கள். பாதிச் செடி சாக எவ்வளவு மருந்து வேண்டும் என்பதுதான் ஒப்பிடும் எண். ஆரஞ்ச் தோட்டத்துப் புல்லுக்கு அது ஏழிலிருந்து பதினொரு மடங்கு தேவைப்பட்டது. அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. பாராகுவாட், சிமசின் உட்பட வேறு பல மருந்துகளுக்கு அந்தப் புல் வழக்கம்போலவே செத்தது. பதினைந்து ஆண்டில் நடுநடுவே அவற்றில் ஒன்றைப் புகுத்தியிருந்தால், கிளைபோசேட்டுக்குத் தப்பிய சில செடிகள் அங்கேயே முடிந்திருக்கும்.

மருந்தடித்தும் புல் சாகாவிட்டால் எல்லாமே எதிர்ப்பு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நம் ஊர்த் தோட்டங்களில் நான் அதிகம் கேட்கும் புகார் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது கிளைபோசேட்டோடு பிணைந்து மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். வாய்க்கால் கலங்கல் தண்ணீரில் கலந்தால் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். புழுதி படிந்த இலையிலும் அதே கதைதான். வாடிக்கிடக்கும் செடி மருந்தை உள்ளே இறக்காது. தெளிப்பான் முனை தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியுமாக விழும். எதிர்ப்புக்கு அடையாளம் வேறு: பக்கத்தில் இருக்கும் மற்ற இனங்கள் எல்லாம் செத்திருக்க, ஒரே இனம் மட்டும் பிழைத்திருக்கும். அந்த இனத்திலும் செத்த செடியும் உயிருள்ள செடியும் அடுத்தடுத்து நிற்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேழ்வரகின் மூதாதைகளில் ஒன்றான எலியூசின் இண்டிகா. கேழ்வரகுக் கதிரைப் போலவே விரல்விரலாகக் கதிர் விடும், வரப்பெல்லாம் படரும், மிதித்தாலும் சாகாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில் 1990களின் பிற்பகுதியில் இந்தப் புல் கிளைபோசேட்டுக்கு அசையாமல் நின்றது. நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறியிருந்தது. மருந்து வந்து பொருந்தும் இடம் சற்றே மாறிவிட்டது. ஆனால் நொதியின் வேலை கெடவில்லை. ஆய்வகம் நடக்காது என்று கருதியது தோட்டத்தில் நடந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. 2015இல் அதே நாட்டின் அதே இனத்தில் 102ஆம் இடமும் 106ஆம் இடமும் சேர்ந்து மாறிய செடிகளை விவரித்தார்கள். அவற்றின் எதிர்ப்பு நூற்றெண்பது மடங்குக்கும் மேல். மருந்தைத் தாங்கும் மரபணு மாற்ற மக்காச்சோளத்தை உருவாக்க விஞ்ஞானிகள் செயற்கையாக உருவாக்கிய அதே இரட்டை மாற்றம் அது. ஆய்வகத்தில் திட்டமிட்டுச் செய்ததை, இடைவிடாமல் விழுந்த மருந்து ஒரு களைக்குள் செய்து முடித்தது. எனக்கு இது வியப்பையும் கவலையையும் சேர்த்தே தருகிறது.

நாம் தினமும் பார்க்கும் பார்த்தீனியமும் இந்தப் பட்டியலில் உண்டு. கொலம்பியாவின் பழத்தோட்டங்களில் 2004இல் அதற்குக் கிளைபோசேட் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. சாலையோரத்திலும் தரிசிலும் அதைக் கொல்ல நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு மருந்தைத்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கலிபோர்னியா. அங்கே நடந்ததில் அரசுக் கொள்கையும் சம்பந்தப்பட்டிருப்பதால் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். நடுப்பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியான சான் வாக்கினில் மண் மணற்பாங்கானது. சிமசினும் டையூரானும் அந்த மண்ணில் இறங்கிக் கிணற்று நீரில் தென்பட்டன. மக்கள் குடிக்கும் நீர் அது. மாநில அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புப் பகுதிகளை வகுத்து, அங்கே அந்த மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. செய்ய வேண்டிய வேலைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முளைப்பைத் தடுக்கும் மருந்துகள் குறைந்ததும் தோட்டக்காரர்கள் போய் நின்ற இடம் கிளைபோசேட். விலையும் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சரிந்துவிட்டிருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை அடித்தது மூன்று, நான்கு முறையானது.

1998இல் வடக்கே ரை புல்லில் எதிர்ப்பு தெரிந்தது. 2005இல் கொனைசா கனடென்சிஸ், 2007இல் அதன் உறவான கொனைசா பொனாரியென்சிஸ். பின்னால் கோடையில் முளைக்கும் காட்டுப்புல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கொனைசா சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. குளிர்காலத்தில் தரையோடு ரோஜா இதழ்போல் விரிந்த இலைகளுடன் கிடக்கும். வெயில் ஏறியதும் நெடுநெடுவென்று தண்டு விட்டு ஆள் உயரம் வளரும். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராட் ஹான்சன், ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனில் ஷ்ரஸ்தா முதலியோர் பள்ளத்தாக்கு முழுவதும் விதை சேகரித்துச் சோதித்தபோது, எதிர்ப்புச் செடிகள் எங்கும் பரவியிருப்பது தெரிந்தது. சில ஆண்டுகளில், கிளைபோசேட், பாராகுவாட் இரண்டையும் தாங்கும் கொனைசாவும் கண்டறியப்பட்டது. ஒரு மருந்து போனதும் அடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டால் நடப்பது இதுதான்.

கொனைசாவின் உள்ளே நடப்பதும் வேறு. நொதி மாறவில்லை. உள்ளே வந்த மருந்தைச் செடி உயிரணுவின் நுண்குமிழிக்குள் பூட்டிவிடுகிறது. மருந்து வேர்வரை போகாமல் அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஒரே மருந்துக்கு எதிராக ஒவ்வொரு களையும் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது.

இந்தச் செடியின் விதையைப் பற்றிச் சொன்னால்தான் பிரச்சினையின் முழு உருவமும் தெரியும். ஒரு பெரிய செடி லட்சத்துக்கும் மேல் விதை தரும். ஒவ்வொரு விதைக்கும் பஞ்சுபோல் ஒரு குடை. அமெரிக்காவில் ஆளில்லா விமானங்களில் பொறி வைத்து, தரைக்கு நூறு மீட்டருக்கும் மேலே மிதந்த கொனைசா விதைகளைப் பிடித்து 2006இல் வெளியிட்டார்கள். காற்று ஒத்துழைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. என் தோட்டத்தில் நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எதிர்ப்பு என் பட்டையில் வந்து இறங்கும்.

நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்து இதிலிருந்து வருகிறது. மருந்துக்குச் சாகும் தன்மை களையிடம் இருக்கும் ஒரு வளம். அதை நாம் எல்லோரும் சேர்ந்து செலவழிக்கிறோம். ஏரித் தண்ணீரைப் போன்றது அது. ஆளுக்கொரு மடையை ஆளுக்கொரு நேரம் திறந்துவிட்டால் கடைமடைக்காரனுக்கு மட்டுமல்ல, தலைமடைக்காரனுக்கும் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இருக்காது. ஏரிக்கு முறை வைத்தோம், நீர்பாய்ச்சி வைத்தோம். களைக்கொல்லிக்கு அப்படி எந்த முறையும் எந்த நாட்டிலும் சரியாக இல்லை. டப்பாமேல் ஒட்டிய காகிதம் ஒரு தோட்டக்காரரோடு மட்டும் பேசுகிறது. ஒரு வட்டாரத்தோடு பேசுவதில்லை. வட்டார அளவில் பேசும் வேலையை விவசாயிகள் சங்கங்களும், வேளாண்மைத் துறையும், ஆராய்ச்சி நிலையங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து தீர்ந்தால் புது மருந்து வந்துவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. 1980களுக்குப் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாக, புதிய வழியில் கொல்லும் களைக்கொல்லி எதுவும் சந்தைக்கு வரவில்லை. பழைய வழிகளிலேயே புதுப் பெயர்கள் வந்தன.

தடை போட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் வேறு முடிவுக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அனுமதியை மேலும் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. இதற்கிடையில் பிரான்ஸ் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2020இல் அந்நாட்டுப் பாதுகாப்பு முகமை, இயந்திரத்தால் களையெடுக்க முடியும் இடங்களில் கிளைபோசேட்டை அனுமதிக்கவில்லை. செங்குத்துச் சரிவு, கல் நிறைந்த நிலம் போன்ற இடங்களில் மட்டும், அதுவும் திராட்சைக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 450 கிராம், பழமரங்களுக்கு 900 கிராம் என்று எல்லை கட்டியது. மாற்று இருக்கிறதா என்று இடத்துக்கு இடம் பார்த்து முடிவெடுத்தார்கள்.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. மரப்பயிர் அல்ல என்றாலும் தேயிலையும் பல்லாண்டு நிற்கும் தோட்டப்பயிர்தான்; மலையகத் தமிழர்களின் உழைப்பில் நிற்பது. 2008இலிருந்து பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கியதில் அந்நாடு பெரும் நன்மை கண்டது. முறிமருந்தே இல்லாத அந்த விஷத்தால் போன உயிர்கள் குறைந்தன. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2015இல் சிறுநீரக நோய் அச்சத்தில் கிளைபோசேட்டை ஒரே அடியாக நிறுத்தியபோது, தேயிலைச் சரிவுகளில் களையெடுக்கக் கைகள் போதவில்லை. வேறு மருந்துகள் உள்ளே வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் தேயிலையில் இருப்பதை ஜப்பான் சுட்டிக்காட்டியது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தடையை அரசு தளர்த்தியது. மருந்தை எடுத்துவிட்டால் அந்த வேலை யார் முதுகில் போய் விழும் என்று முன்கூட்டியே கேட்காத தடை, கூலிக்காரப் பெண்ணின் முதுகில்தான் விழும்.

இந்தியாவிலும் 2022 அக்டோபரில், பூச்சிக்கட்டுப்பாட்டுச் சேவையாளர் வழியாக அன்றி கிளைபோசேட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. கடையில் டப்பா வாங்கி, கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி, முகமூடியில்லாமல் நடக்கும் பழக்கம் ஆணையால் மட்டும் மாறிவிடாது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் ஆராய்ச்சி என்ன தருகிறது? பெரிய ஆயுதம் விதையின் வாழ்க்கையை அறிவதுதான். கொனைசா விதை நுண்ணியது. அதனுள் சேமிப்பு கிடையாது. மண்ணின் மேற்பரப்பில் கிடந்து வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். இரண்டு சென்டிமீட்டர் புதைந்தாலே வெளியே வர முடியாது. ஆக, உழாத, மூடாக்கு இல்லாத வெறும் பட்டைதான் அதற்குத் தொட்டில். அந்தப் பட்டையில் மரத்தூளோ, வைக்கோலோ, வெட்டிய புல்லோ கனமாகப் பரப்பினால் பெரும்பகுதி முளைக்காது. சில தோட்டங்களில் நடுப்பாதையில் மூடுபயிர் விதைத்து, அதை வெட்டும்போதே மரத்தடிக்கு எறியும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மூடாக்கு தானாக வந்து சேர்கிறது. முளைத்துவிட்டாலும் ஐந்தாறு இலையில் இருக்கும்போது அடித்தால் மருந்து பிடிக்கும். தண்டு விட்டபின் எவ்வளவு அடித்தாலும் நுனி கருகிப் பக்கக்கிளை விடும்.

முளைக்குமுன் அடிக்கும் மருந்துகளை வீசியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் இண்டாசிஃப்ளாம், பென்டிமெத்தலின் போன்றவற்றைக் குளிர்காலத் தொடக்கத்தில் அடித்து, கோடையில் இலைமருந்தின் தேவையைக் குறைக்கிறார்கள். சொட்டுநீர் விழும் இடத்தில் அவை சீக்கிரம் கரைந்துபோவது ஒரு குறை. அந்த இடத்தில்தான் புல்லும் முதலில் வரும்.

சுவிட்சர்லாந்தில் எஃப்.ஐ.பி.எல். என்ற இயற்கை வேளாண்மை ஆய்வு நிறுவனம் ஆப்பிள் தோட்டங்களுக்கு வேறு வழி கண்டது. மரத்தை ஒட்டிய குறுகிய இடத்தில் குட்டையான செடிகளை வளரவிட்டு, அதன் இரு பக்கமும் மட்டும் மேலாக உழுவது. மரத்தைச் சுற்றிச் சுற்றி இயந்திரம் ஒதுங்கிப் போக வேண்டிய அவசியம் இல்லை. எளிய யோசனை, ஆனால் மரத்தின் வேர் எங்கே சத்து எடுக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அப்படி யோசிக்க முடியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்சாரத்தால் களையைக் கொல்லும் இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள். காய்ந்த புல்லில் தீப்பற்றும் ஆபத்தும் எரிபொருள் செலவும் இன்னும் தடையாக நிற்கின்றன. செம்மறியாட்டைத் திராட்சைத் தோட்டத்தில் மேயவிடும் வழக்கம் நியூசிலாந்திலும் கலிபோர்னியாவிலும் பெருகியிருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை. திராட்சைக்கு நாம் அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது தாமிரம். செம்மறியாட்டின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருநாள் திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது பந்தலடியில் ஆடு மேய்க்க நினைத்தால் இதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பந்தலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும். பக்கத்து வயலில் யாராவது 2,4-டி அடித்தால் திராட்சைக்கு அது பரம எதிரி. காற்றில் வந்த சிறு துளிக்கே இலை விசிறிபோல் சுருங்கி, நரம்புகள் நெருங்கி, காய்ப்பு கெடும். நோய் என்று நினைத்து வேறு மருந்தை அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள்; முதலில் பக்கத்து வயலில் விசாரியுங்கள்.

பந்தல் முறைக்கு ஒரு நன்மை உண்டு. கொடி மூடியபின் நிழல் களையை அடக்கும். கவாத்து வெட்டியபின் வெயில் தரையில் விழும் அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் களையின் காலம். அந்த வாரங்களுக்கு மட்டும் மூடாக்கும் கைக்களையும் திட்டமிட்டால், ஆண்டு முழுவதும் மருந்தடிக்கும் அவசியம் பாதியாகும் என்பது என் கருத்து. நம் நிலங்களில் இதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டியது இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களின் பொறுப்பு. வரிசையாகப் பட்டைகளைப் பிரித்து, மருந்தே அடிக்காத ஒரு பட்டையைக் கட்டாயம் விட்டு, ஒவ்வொரு முறையும் குறைந்தது நான்கு இடத்தில் திருப்பிச் செய்து, ஒன்றல்ல மூன்று பருவம் பார்த்துச் சொல்லுங்கள். மரப்பயிரில் ஒரு பருவத்து முடிவு மழையைப் பற்றிச் சொல்லும். களையைப் பற்றிச் சொல்லாது.

தோட்டக்காரர்களிடம் நான் கேட்பது இது. எந்த நாளில் எந்த மருந்து எந்தப் பட்டையில் அடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருந்துக் கடையில் பெயரைக் கேட்காமல், உள்ளே இருக்கும் சரக்கின் பெயரைக் கேளுங்கள். மூன்று டப்பாவிலும் ஒரே கிளைபோசேட் இருக்கலாம். அடித்து மூன்று வாரம் கழித்து வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். மற்றவை செத்திருக்கத் தனியாக நிமிர்ந்து நிற்கும் செடியைக் கண்டால், பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். பூத்து விதை பிடித்திருந்தால் தலையைச் சாக்குப் பையால் மூடிய பிறகே பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அதற்குமுன் கொஞ்சம் விதையை ஒரு காகிதக் கவரில் போட்டு, இடத்தையும் தேதியையும் மேலே எழுதி, உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.